பழைய பதிவுகளுக்கு என்ன மதிப்பு எழுதுவது? தரவுத்தள மைக்ரேஷன் இயங்கும் விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பகுதியில் ரப்பர் பாலை அதன் எடைக்கு அப்படியே விலை போட்டு வாங்குவதில்லை. பாலில் உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்பதை, அதாவது டி.ஆர்.சி.யை அளந்தே கணக்கிடுவார்கள். 50 கிலோ பாலுக்கு டி.ஆர்.சி. 36 என்றால் பணம் 18 கிலோ ரப்பருக்குத்தான். அங்குள்ள ஒரு கொள்முதல் நிலையத்தின் வலைச்செயலி, பைத்தான் மொழியின் வலைச்செயலிக் கட்டமைப்பான ஜாங்கோவில் எழுதப்பட்டது என்றும், அது இதுவரை தேதி, பெயர், எடை, கொடுத்த தொகை ஆகியவற்றை மட்டுமே சேமித்துவந்தது என்றும் கொள்வோம். இப்போது டி.ஆர்.சி.க்கும் ஒரு நெடுவரிசை வேண்டும்.

நிரலை ஒரே நொடியில் மாற்றிவிடலாம். தரவுத்தளம் அப்படியல்ல, பல ஆண்டுப் பதிவுகள் நிறைந்த பேரேட்டில், ஓர் எழுத்தும் அழியாமல் புதிய கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. அந்த மாற்றத்தை ஒரு கோப்பாக எழுதிவைப்பதுதான் மைக்ரேஷன். முன்பு சவுத் என்ற துணைத்தொகுப்பாக இதை உருவாக்கிய ஆண்ட்ரூ காட்வினே, 2014இல் வெளியான ஜாங்கோ 1.7இல் இவ்வசதியை உள்ளமைத்தார்.

'மேக்மைக்ரேஷன்ஸ்' கட்டளை தரவுத்தள அட்டவணைகளைப் பார்ப்பதில்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கும். ஏற்கெனவே உள்ள மைக்ரேஷன் கோப்புகளை முதலிலிருந்து வரிசையாக மனக்கணக்குப்போல ஓட்டிப் பார்த்து, கிடைக்கும் அமைப்பை இன்றைய நிரலோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைப் புதிய கோப்பாக எழுதுகிறது. அதன்பின் 'மைக்ரேட்' கட்டளை அதைத் தரவுத்தளத்தில் நிறைவேற்றி, கோப்பின் பெயரை ஒரு தனி அட்டவணையில் குறித்துவைக்கிறது. குறிக்கப்பட்ட கோப்பு அங்கே மீண்டும் ஓடாது. ஆகவே நிறைவேறிய கோப்பைப் பின்னால் திருத்தினால், பழைய சேவையகமும் புதிதாக நிறுவியதும் வெவ்வேறு வடிவில் நின்றுவிடும். திருத்தம் வேண்டுமானால் இன்னொரு கோப்பே எழுத வேண்டும்.

டி.ஆர்.சி. கட்டாயம் என்று அறிவித்து, இயல்பு மதிப்பு எதுவும் தராவிட்டால், பழைய பதிவுகளில் எதை நிரப்புவது என்று ஜாங்கோ நம்மிடமே கேட்கும். அவசரத்தில் சுழியம் என்று தட்டிவிடுவது எளிது. ஆனால் சுழியம் ஓர் அளவீடு. அந்தப் பாலில் ரப்பரே இல்லை என்று அது சாட்சி சொல்லும், மாதச் சராசரியையும் கீழே இழுக்கும். அளக்காததை அளக்காததாகவே வைப்பதுதான் நேர்மை என்பது என் உறுதியான கருத்து. எனவே முதலில் 'நல்' எனப்படும் வெற்று மதிப்பை அனுமதித்து நெடுவரிசையைச் சேர்க்க வேண்டும். பிறகு, டி.ஆர்.சி. அளக்கும் மெட்ரோலாக் கருவியில் பார்த்துக் காகித நோட்டில் குறித்த அளவுகள் இருந்தால், அவற்றைத் தனி மைக்ரேஷனில் ஏற்றலாம்.

பெயர் மாற்றத்தில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. 'எடை' என்பதைப் 'பால்_எடை' என்று மாற்றினால், இது பெயர் மாற்றமா என்று ஜாங்கோ கேட்கும். பேசாமல் என்டரைத் தட்டினால் 'இல்லை' என்றே எடுத்துக்கொள்ளும். விளைவாக உருவாகும் கோப்பு பழைய நெடுவரிசையை நீக்கி, புதியதொன்றை வெறுமையாகச் சேர்க்கும். அதை ஓட்டினால் எடைகள் அனைத்தும் போய்விடும். மைக்ரேஷனைப் பின்னோக்கி ஓட்டினாலும் நெடுவரிசைதான் திரும்பும், எண்கள் திரும்பா. கோப்பை ஓட்டுமுன் திறந்து படிப்பதும், காப்புப்பிரதி எடுத்துவைப்பதும் இதற்காகத்தான்.

நடுவழியில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பது தரவுத்தளத்தைப் பொறுத்தது. போஸ்ட்கிரெஸ் பெரும்பாலான அமைப்பு மாற்றங்களை ஒரே பரிவர்த்தனைக்குள், அதாவது முழுதும் நிறைவேறும் அல்லது எதுவுமே நிறைவேறாத ஒரே தொகுப்பாகச் செய்வதால் அனைத்தையும் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். மைஎஸ்க்யூஎல் ஒவ்வோர் அமைப்பு மாற்றத்தையும் அப்போதைக்கப்போதே உறுதிசெய்துவிடுவதால், ஒரு கோப்பு சேர்க்கும் மூன்று நெடுவரிசைகளில் இரண்டு நிறைவேறி மூன்றாவது தவறினால், அந்த இரண்டும் அப்படியே நிற்கும். ஆனால் கோப்பு நிறைவேறியதாகக் குறிக்கப்பட்டிருக்காது. அடுத்த முறை 'மைக்ரேட்' ஓட்டும்போது, முதல் நெடுவரிசை ஏற்கெனவே இருக்கிறது என்ற பிழைச்செய்தியே முதலில் வரும்.