மரியாதைக்காக ஹூம் போடாதீர்கள்

வேலைக்கான ஆங்கில விண்ணப்பக் கடிதங்களைத் திருத்திக் கொடுப்பது என் தொழில். நேற்று வந்த கடிதத்தில் ஒரு வரி: 'த மேனேஜர் விச் டிரெயின்ட் மீ'. எனக்குப் பயிற்சி கொடுத்த மேலாளர் என்று சொல்ல வந்திருக்கிறார். ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் பரமண்டல ஜெபத்தில் பிதாவுக்கே விச்தான் போட்டிருக்கும். அது அந்தக் காலத்து வழக்கு, இன்று எடுபடாது.

சரி, விச்சை அடித்துவிட்டு ஹூ போடச் சொன்னால், அடுத்த தடவை 'த மேனேஜர் ஹூம் டிரெயின்ட் மீ' என்று வருகிறது. ஹூம் என்றால் மரியாதை என்று பலர் நம்புகிறார்கள். மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

குழப்பத்துக்குக் காரணம் நம் மொழியிலேயே இருக்கிறது. 'எனக்கு உதவிய பெண்', 'நான் உதவிய பெண்' இரண்டிலும் 'உதவிய' என்ற பெயரெச்சம் மாறவே இல்லை. ஆங்கிலத்தில் முதல் பெண்ணுக்கு ஹூ, அடுத்தவருக்கு ஹூம். நான் சொல்லித்தரும் வழி இது: பெயரெச்சத்தைப் பிரித்துத் தனி வாக்கியமாக்குங்கள். 'அவர் எனக்கு உதவினார்' என்று வந்தால் ஹூ. 'நான் அவருக்கு உதவினேன்', 'நான் அவரைப் பார்த்தேன்' என்று வேற்றுமை உருபு ஒட்டினால் ஹூம். ஹூம் போட்டபின் கடைசியில் ஹிம், ஹெர் என்று இன்னொரு முறை சேர்க்கக் கூடாது.

இந்த வழி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'நேர்மையானவர் என்று நான் நினைத்த ஆள்' என்பதைப் பிரித்தால், தமிழில் 'அவரை நேர்மையானவர் என்று நினைத்தேன்' என்றும் வரும். அந்த 'அவரை'யை நம்பி ஹூம் போட்டுவிடுகிறோம். உள்ளே இருக்கும் வாக்கியத்தைப் பாருங்கள்: அவர் நேர்மையானவர். ஆகவே 'த மேன் ஹூ ஐ தாட் வாஸ் ஆனஸ்ட்' என்பதே சரி. நன்றாக ஆங்கிலம் எழுதுபவர்களும் இதில் தடுக்கி விழுகிறார்கள்.

ஆளுக்கு தட் போடுவதும் தப்பில்லை. ஆனால் காற்புள்ளிக்குப் பின் அது வராது. விண்ணப்பத்தில் நான் ஹூவைத்தான் விரும்புவேன். 'யாருடைய' என்ற பொருளில் வரும் ஹூஸ் தனிச்சொல். மேற்குறி (அபாஸ்ட்ரஃபி) போட்டால் அது 'ஹூ இஸ்' ஆகிவிடும்.

அப்புறம், ஹூம் வர வேண்டிய இடத்தில் தயக்கமாக இருந்தால் அதை விட்டே எழுதலாம்: 'த வுமன் ஐ ஹெல்ப்ட்'. முழுச் சரியான ஆங்கிலம். 'டு ஹூம்' என்று முன்னிடைச்சொல்லோடு சேர்ந்து வரும்போதும், காற்புள்ளிக்குப் பின் வரும்போதும் விட முடியாது.