பூச்சி மருந்தா, பூச்சிக்கொல்லியா?

மலேசியாவில், தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டங்களில் ‘மருந்து’ என்றால் யாருக்கும் கிளினிக் நினைவுக்கு வராது. “இன்னைக்கு மருந்தடி வேலை” என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) சொன்னால், பம்பை முதுகில் மாட்டிக்கொண்டு மர நிரைக்குக் கிளம்ப வேண்டும். புல்லுக்கு அடிப்பதும் மருந்துதான், புழுவுக்கு அடிப்பதும் மருந்துதான், எலிக்கு வைப்பதும் மருந்துதான்.

மருந்து பழைய தமிழ்ச் சொல். நோய் தீர்ப்பது என்பதோடு அமுதம் என்ற பொருளும் அதற்கு உண்டு. சாவா மருந்தே ஆனாலும் விருந்தினரை வெளியே விட்டுத் தனியாக உண்ணாதே என்கிறது குறள். வெடிமருந்து, இடுமருந்து என்று கெடுதல் செய்யும் பக்கமும் அந்தச் சொல் போயிருக்கிறது. அதனால் ‘பூச்சி மருந்து’ பிழை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த நல்ல பெயர் ஆளை ஏமாற்றுகிறது. ‘மருந்துதானே’ என்று கையுறை போடாமல் கலக்குகிறார்கள். வாய்க்கால் ஓரத்திலேயே பம்பைக் கழுவுகிறார்கள். மலாய் மொழி இதில் நேர்மையாக இருக்கிறது. ராச்சுன் என்றால் நஞ்சு. 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே ‘அக்தா ராச்சுன் மக்லுக் பெரோசாக்’, அதாவது கெடுதல் செய்யும் உயிர்களுக்கான நஞ்சுச் சட்டம்.

ஆங்கிலத்தின் ‘இன்செக்டிசைட்’ லத்தீனில் வேர் கொண்டது. ‘இன்செக்டும்’ என்றால் வெட்டுப்பட்டது. பூச்சியின் உடல் தலை, மார்பு, வயிறு என்று துண்டு துண்டாகத் தெரிவதால் வந்த பெயர். பின்பாதிக்குக் கொல்வது என்று பொருள். தமிழில் பூச்சிக்கொல்லி அதற்கு அப்படியே பொருந்துகிறது. இலங்கையில் பூச்சிநாசினி என்பார்கள். கொல்லி இன்னும் பளிச்சென்று புரியும்.

சரி, எந்தப் பூச்சியைக் கொல்லும்? அதுதான் சிக்கல். ‘பூச்சி’ என்ற சொல்லுக்குள் தேனீயும் இருக்கிறது. செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் குட்டிக் கூன்வண்டும் இருக்கிறது. கேமரூனிலிருந்து கொண்டுவந்து 1981இல் இந்த நாட்டில் அதை விடும்வரை, பல தோட்டங்களில் ஆட்கள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் போட்டார்கள். ஓலையைத் தின்னும் பைப்புழுவுக்கு (மலாயில் உலாட் புங்குஸ்) கண்டபடி மருந்தடித்தால், காய் பிடிக்க உழைக்கும் வண்டும் சேர்ந்து சாகும். புழுவை மட்டும் தாக்கும் பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவைத் தெளிக்கும் வழி இருக்கும்போது இது தேவையே இல்லாத சாவு.

தேனீக்கு வரும் கேடு இன்னும் மோசம். நியோனிகோட்டினாய்டு வகை நஞ்சு செடிக்குள் ஊடுருவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் போய்விடுகிறது. அந்த வகையைச் சேர்ந்த இமிடாகுளோபிரிட் சில நானோகிராம் உள்ளே போனாலே தேனீ சாகலாம். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. அதைவிடக் குறைந்த அளவிலும் நரம்பு குழம்பி, கூட்டுக்குத் திரும்பும் வழி தெரியாமல் போகும். மண்ணில் மாதக்கணக்கில் தங்கும், மழையோடு ஓடைக்குப் போய் நீர்ப்பூச்சிகளையும் கொல்லும். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இந்த வகையில் மூன்றைத் திறந்த வெளியில் பயன்படுத்தத் தடை போட்டது.

நம் வீட்டுக் கொல்லைகளில் மரத்துண்டின் மேல் பெட்டி வைத்து வளர்க்கிறோமே கெலுலுட், அந்தக் கொடுக்கில்லாத் தேனீ சில நூறு மீட்டருக்குள்தான் இரை தேடும். பக்கத்து நிரையில் என்ன அடிக்கிறார்கள் என்பது அதற்கு உயிர்ப் பிரச்சினை.

ஆகவே பெயர்களைப் பிரித்தே எழுத வேண்டும். பூச்சிக்கு அடிப்பது பூச்சிக்கொல்லி, புல்லுக்கு அடிப்பது களைக்கொல்லி (2020 தொடக்கம் முதல் இங்கே தடைசெய்யப்பட்ட பாராகுவாட் இந்த வகை), காளானுக்குப் பூஞ்சைக்கொல்லி, எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் பீடைக்கொல்லி. தோட்டத்து அறிவிப்புப் பலகையில் ‘நாளை மருந்தடி’ என்பதற்குப் பதிலாக, ‘நாளைக் காலை பூச்சிக்கொல்லி தெளிப்பு’ என்று இடத்தோடும் நேரத்தோடும் எழுதினால், கெலுலுட் வைத்திருப்பவர் முதல்நாள் இரவே பெட்டியை மூடிவிடலாம், அல்லது தள்ளி வைக்கலாம்.