"கடையில் இருந்த ப்ரைமரை வாங்கிவந்தேன்"

டெக்சஸில் துப்பாக்கி பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்ள, அதாவது ரீலோடிங் செய்ய விரும்புகிறவர்களுக்கு அவ்வப்போது அடிப்படை வகுப்பும் எடுக்கிறேன். அதில் இப்போதெல்லாம் நம் ஆட்களும் தென்படுகிறார்கள். வெடிமருந்து, குண்டின் எடை, தோட்டா நிரப்பும் கருவியான பிரஸ் என்று எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். எந்த ப்ரைமர் என்று கேட்டால் மட்டும் பதில் ஒன்றுதான்: கடையில் இருந்ததை வாங்கிவந்தேன். பட்டறைக்கு வரும் கெட்டுப்போன போல்ட்டுகளில், அதாவது குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகங்களில், ஒரு பகுதிக்குக் காரணம் அந்தப் பதில்தான்.

தோட்டாவின் பித்தளைக் கூட்டின் அடியில் உட்கார்ந்திருக்கும் சின்னக் கிண்ணம்தான் ப்ரைமர். உள்ளே லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் கலந்த துளி மருந்து, அதன்மேல் கால் முளைத்த ஒரு குட்டிப் பட்டடை. துப்பாக்கியின் ஊசி வந்து கிண்ணத்தை அடித்ததும் மருந்து நடுவில் நசுங்கித் தீப்பிடிக்கிறது. தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லில் வைத்துத் தட்டியவர்களுக்கு இது புதிதல்ல. பலர் மறந்துபோவது ப்ரைமரின் இரண்டாவது வேலையை. சுட்ட நொடியில் கூட்டுக்குள் எழும் அழுத்தத்தைப் பின்பக்கம் அடைத்துப் பிடிப்பதும் இதே கிண்ணம்தான். 9 எம்எம் பிஸ்டல் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி (SAAMI) வைத்திருக்கும் உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு அத்தனை பவுண்டு. .223 ரெமிங்டன் என்ற ரைஃபிள் தோட்டாவுக்கு 55,000. இரண்டுக்கும் ஒரே தகடு போதுமா?

போதாது. ப்ரைமரில் ஸ்மால், லார்ஜ் என்று இரண்டு அளவு; ஒவ்வொன்றிலும் பிஸ்டலுக்கு ஒன்று, ரைஃபிளுக்கு ஒன்று. ஸ்மால் பிஸ்டல், ஸ்மால் ரைஃபிள் இரண்டுக்குமே விட்டம் 0.175 அங்குலம், உயரமும் அதேதான். ஒன்றின் குழியில் மற்றொன்று சிரமமில்லாமல் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் பிஸ்டல் கிண்ணத்தின் தகடு ஏறத்தாழ 0.017 அங்குலம்; ரைஃபிளுக்கு 0.020 முதல் 0.025 வரை. பிஸ்டல் ப்ரைமரை .223 கூட்டில் வைத்துச் சுட்டால் ஊசி பட்ட இடத்தில் கிண்ணம் துளைத்துக்கொள்ளக்கூடும். அந்தத் துளை வழியே பின்னோக்கிப் பாயும் வாயு போல்ட் முகத்தில் ஊசித்துளையைச் சுற்றிப் பள்ளம் அரித்துவிடும். கண்ணாடி போடாமல் சுடுகிறவருக்கு அதைவிட மோசமாகவும் ஆகலாம்.

ரைஃபிள் ப்ரைமர் என்று எழுதியிருந்தால் மட்டும் போதும் என்று நினைக்க வேண்டாம். ரெமிங்டன் 6½ என்ற ஸ்மால் ரைஃபிள் ப்ரைமர் .22 ஹார்னெட் போன்ற அழுத்தம் குறைந்த தோட்டாக்களுக்கானது. .223-க்கு வேண்டாம் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. அதற்கு 7½ இருக்கிறது. இரண்டு பெட்டிகளும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். சிசிஐ நிறுவனத்தின் 400-க்கும் 450-க்கும் இடையிலும் இதே தகட்டு வித்தியாசம் உண்டு. பெட்டியின் நிறத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், எண்ணைப் படியுங்கள்.

லார்ஜ் வகையில் கதை வேறு. விட்டம் இரண்டுக்கும் 0.210 அங்குலம், ஆனால் ரைஃபிள் ப்ரைமர் பிஸ்டல் ப்ரைமரைவிட உயரம். .45 ஏசிபி என்ற பிஸ்டல் தோட்டாவின் கூட்டில் ரைஃபிள் ப்ரைமரை அமுக்கினால் கூட்டின் அடிமட்டத்துக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும். மாற்றிச் செய்தால், அதாவது ரைஃபிள் கூட்டில் பிஸ்டல் ப்ரைமர் வைத்தால், ஆழத்தில் போய் உட்கார்ந்துவிடும். ஊசி சரியாக எட்டாது. .45 ஏசிபியில் இன்னொரு தொல்லையும் இருக்கிறது. ஒரு காலத்தில் எல்லாமே லார்ஜ் ப்ரைமர் குழிதான். பிறகு ஈயமில்லாத ப்ரைமரோடு வந்த சில தோட்டாக்களும், அப்புறம் சில சாதாரணத் தோட்டாக்களும் ஸ்மால் குழிக்கு மாறின. சுடுபயிற்சி ரேஞ்சில் பொறுக்கிய கூடுகளில் இரண்டும் கலந்துதான் கிடைக்கும். ஒரே இழுப்பில் பல வேலைகளை முடிக்கும் புரோகிரசிவ் பிரஸ்ஸில் வேகமாகக் கைப்பிடியை இழுத்துக்கொண்டிருக்கும்போது ஸ்மால் குழிமேல் லார்ஜ் ப்ரைமர் வந்து முட்டும். கை தடங்கலை உணர்ந்ததும் நிறுத்த வேண்டும். "கொஞ்சம் அழுத்தினால் போய்விடும்" என்று அழுத்துகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். மேலே நிற்கும் குழாயில் நூறு ப்ரைமர் வரை அடுக்கியிருக்கும். கீழே ஒன்று வெடித்தால் மற்றவையும் சேர்ந்து போகலாம்.

2020-ல் தொடங்கிய தட்டுப்பாட்டின்போது இந்தப் பழக்கங்கள் எல்லாம் கெட்டுப்போயின. அதற்கு முன்பு ஆயிரம் ப்ரைமர் முப்பது, முப்பத்தைந்து டாலருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. கைமாறும் சந்தையில் நூறைத் தாண்டியது. அமெரிக்காவில் பெரிய அளவில் ப்ரைமர் செய்கிற ஆலைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்: ஐடஹோவில் சிசிஐ, மின்னசோட்டாவில் ஃபெடரல், ஆர்கன்சாவில் ரெமிங்டன்; இவற்றோடு வின்செஸ்டர். அதில் ரெமிங்டன் அந்த ஆண்டே திவாலாகி, தோட்டா ஆலை கைமாறியது. மக்கள் எது கிடைத்தாலும் வாங்கினார்கள்; இத்தாலி, செக், போஸ்னியா ப்ரைமர்கள் வந்து இறங்கின. அவை மோசமானவை அல்ல. ஆனால் ரீலோடிங் கையேட்டில் அச்சடித்திருக்கும் மருந்தின் நிரப்பளவு குறிப்பிட்ட ப்ரைமரை வைத்துச் சோதித்து எழுதியது. ப்ரைமரை மாற்றினால் அழுத்தம் மாறும், சில நேரம் ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ அளவுக்கு. எனவே பிராண்டை மாற்றினால், அவ்வளவு ஏன், அதே பிராண்டில் எண்ணை மாற்றினாலும், கையேட்டின் தொடக்க அளவுக்கு இறங்கி மறுபடி படிப்படியாக ஏற வேண்டும். சலிப்பான வேலைதான், குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

சூடான தீ தரும் மேக்னம் ப்ரைமர் பற்றியும் தவறான எண்ணம் பரவிக்கிடக்கிறது. மேக்னம் தோட்டாவுக்குத்தான் மேக்னம் ப்ரைமர் என்றில்லை. எளிதில் பற்றாத மருந்துக்காகச் செய்தது அது. உருண்டைமணி மருந்து, பெரிய கூட்டில் நிறைய மருந்து, கடுங்குளிர் இவையெல்லாம் இருந்தால் நீளமான, சூடான தீ வேண்டும். .357 மேக்னம் ரிவால்வர் தோட்டாவுக்குப் பலரும் விரும்பும் எச்110 அப்படிப்பட்ட மருந்து. வின்செஸ்டர் 296 என்று விற்பதும் அதேதான். சாதாரண மருந்தோடு மேக்னம் ப்ரைமரைச் சேர்த்தால் லாபம் எதுவும் இல்லை, அழுத்தம்தான் ஏறும். பற்றாத மருந்தோடு பலவீனமான ப்ரைமர் சேர்ந்தால் தாமதமாகச் சுடும், அல்லது குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். பிஸ்டலில் மருந்தே இல்லாவிட்டாலும் ப்ரைமர் ஒன்றே குண்டைக் குழலுக்குள் தள்ளிவிடும். எனவே "டப்" என்று சத்தம் சிறுத்துக் கேட்டால் அடுத்ததைச் சுடாதீர்கள். துப்பாக்கியின் வாய் இலக்கைப் பார்த்தபடியே அரை நிமிடம் பிடித்திருந்து, தோட்டாவை இறக்கி, குழலைச் சோதித்துவிட்டுத்தான் மற்றது.

துப்பாக்கியையும் பார்த்துத்தான் ப்ரைமரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்1 கேரண்ட், ஏஆர்-15 போன்ற ரைஃபிள்களில் ஊசியைப் பின்னால் பிடித்துவைக்க ஸ்பிரிங் கிடையாது. போல்ட் மூடும் வேகத்தில் ஊசி தானாக முன்னே வந்து ப்ரைமரை லேசாகத் தொடும். ஏஆரில் ஏற்றிய தோட்டாவைச் சுடாமல் வெளியே எடுத்துப் பாருங்கள், சின்னப் புள்ளி விழுந்திருக்கும். மென்மையான கிண்ணமோ மேலே துருத்திய ப்ரைமரோ அங்கே இருந்தால், விசையைத் தொடாமலே வெடிக்க வாய்ப்பு உண்டு. சிசிஐ 34, 41 ஆகியவை இதற்காகவே ராணுவ அளவுகோலில் வருகின்றன. நேர்மாறாக, விசையை மெலிதாக்கிய ரிவால்வரில் சுத்தியல் அடி பலவீனம். அங்கே மென்மைக்குப் பேர்போன ஃபெடரலைப் போட்டிச் சுடுநர்கள் தேடிப் போவார்கள். என் பட்டறைக்கு "ஸ்பிரிங் சரியில்லை" என்று வரும் ரிவால்வர்களில் பலவற்றுக்கு ஸ்பிரிங் நன்றாகவே இருக்கும். ப்ரைமர்தான் முழுதாக அமர்ந்திருக்காது. முதல் அடி அதை உள்ளே தள்ளும், இரண்டாவது அடி சுடும். அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் உள்ளே இருக்க வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ராணுவக் கூடாக இருந்தால் ப்ரைமரைப் பிடித்துவைக்கக் குழியின் விளிம்பில் உள்ள நெரிப்பை முதலில் எடுத்துவிடுங்கள்.

சுட்டபின் ப்ரைமர் தட்டையாகியிருப்பதைப் பார்த்து அழுத்தத்தைக் கணிக்கலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. மென்மையான கிண்ணம் சாதாரண அழுத்தத்திலேயே தட்டையாகும். ஊசித்துளை அகலமாக இருந்தால் அழுத்தம் ஏறாமலே விளிம்பு எழும்பும்.

வீட்டில் வைப்பதற்கு ஒரே விதி: வந்த பெட்டியிலேயே இருக்கட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்து வைத்திருப்பது அலங்காரத்துக்கு அல்ல. கண்ணாடிப் பாட்டிலில் கொட்டிவைத்தால், ஒன்று வெடித்தாலே எல்லாம் சேர்ந்து வெடிக்கும். வீட்டில் 10,000 வரை வைக்கலாம் என்பது தீப்பாதுகாப்பு விதி என்எஃப்பிஏ 495. ஊர் விதி அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். சுட்ட கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் "டம்ளர்" என்ற இயந்திரத்தின் தூசியில் ஈயம் இருக்கிறது. அதைச் சமையலறையிலோ குழந்தைகள் தவழும் இடத்திலோ ஓட்டாதீர்கள். உலர்ந்த தூசி பறக்காமல் இருக்க நான் ஈர முறைக்கு மாறிவிட்டேன்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் முழுத் தோட்டாவை முறையாக அடைத்துச் செக்-இன் பெட்டியில் கொண்டுபோகலாம். தனி ப்ரைமருக்கும் மருந்துக்கும் எந்தப் பெட்டியிலும் அனுமதி இல்லை. இந்தியாவின் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமோ தோட்டாவின் பாகங்களையும் தோட்டாவாகவே கணக்கிடுகிறது. ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையையே சென்னைப் பயணத்துக்கும் எடுக்கும் பழக்கம் இருந்தால், பக்கப் பைகளையும் தையல் மடிப்புகளையும் நன்றாக உதறிப் பார்த்துவிடுங்கள். வேறு பையை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.