கோடு நகரவே இல்லை

"எதையுமே கண்டுபிடிக்காத சோதனையை ஏன் பாடமாக வைத்திருக்கிறார்கள்?" என்று பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருந்தார். அவர் சொல்வது மைக்கேல்சன்–மோர்லி சோதனையை.

ஒலிக்குக் காற்று போல, ஒளிக்கு ஈதர் என்று ஓர் ஊடகம் உண்டென 19-ஆம் நூற்றாண்டில் நம்பினார்கள். பூமி நொடிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சூரியனைச் சுற்றுகிறது. அப்படியானால் ஈதர் எதிர்காற்றாக வீச வேண்டும். ஆற்றில் அக்கரைக்குப் போய்வர ஆகும் நேரம் வேறு, அதே தூரம் எதிர்நீச்சல் போட்டுத் திரும்பும் நேரம் வேறு. ஒளிக்கும் அப்படி இருக்க வேண்டுமே? சரி, எந்தக் கடிகாரத்துக்கும் எட்டாத அந்த வித்தியாசத்தை எப்படி அளப்பது?

அமெரிக்க இயற்பியலாளர் ஆல்பர்ட் மைக்கேல்சன் கடிகாரத்தையே விட்டுவிட்டார். பாதி ரசம் பூசிய கண்ணாடி ஒன்றின் மேல் ஒளியைப் பாய்ச்சினார். பாதி ஒளி நேராகப் போகும், பாதி பக்கவாட்டில் திரும்பும். இரண்டும் வேறு கண்ணாடிகளில் பட்டு வந்து மறுபடி ஒன்றுசேரும். ஒளி ஓர் அலை; முகடோடு முகடு சேர்ந்தால் வெளிச்சம், முகடோடு பள்ளம் சேர்ந்தால் இருட்டு. தொலைநோக்கியில் கண் வைத்தால் வெளிச்சமும் இருட்டுமாக வரிவரியாகத் தெரியும். ஒரு கண்ணாடியை மில்லிமீட்டரில் ஏறத்தாழ நாலாயிரத்தில் ஒரு பங்கு நகர்த்துங்கள், ஒரு கோடு முழுதாக நகர்ந்து அடுத்த கோட்டின் இடத்துக்கு வந்துவிடும். ஒளியின் அலையே அளவுகோல்! எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இந்தக் கருவிக்கு அதிர்வுதான் எமன். 1881-இல் பெர்லினில் தெருப் போக்குவரத்தே கோடுகளைக் கலைத்துவிட்டது; பக்கத்து ஊரான போட்ஸ்டாமுக்குத் தூக்கிப் போனார். (அந்தக் கருவிக்குப் பணம் தந்தவர் தொலைபேசி கண்ட கிரகாம் பெல்.) 1887-இல், கிளீவ்லாந்தில், எட்வர்ட் மோர்லியும் அவரும் ஒன்றரை மீட்டர் சதுரக் கல்லில் கண்ணாடிகளைப் பொருத்தி, கல்லைப் பாதரசத்தில் மிதக்கவிட்டார்கள். லேசாகத் தள்ளிவிட்டால் போதும், ஆறு நிமிடத்துக்கு ஒரு சுற்று. சுற்றச் சுற்ற, ஈதர் காற்றை எதிர்த்து ஓடும் கதிர் மாறிக்கொண்டே இருக்கும்; காற்று உண்மையென்றால் கோடுகள் நகர வேண்டும். பார்ப்பவரும் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் கூடவே நடக்க வேண்டும்.

எதிர்பார்த்த நகர்வு 0.4 கோடு. அதில் இருபதில் ஒரு பங்குகூட வரவில்லை. மைக்கேல்சனுக்கு ஏமாற்றம்தான். ஆனால் ஈதர் ஆட்டம் கண்டது. நுட்பமான ஒளியியல் கருவிகளுக்காக 1907-இல் அவருக்கு நோபல் கிடைத்தது. அறிவியலில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கர் அவர்.

அப்புறம் அதே அமைப்பை, ஒளி போய்வரும் இரண்டு கைகளும் 4 கிலோமீட்டர் நீளமாக இருக்கும்படி அமெரிக்காவில் கட்டினார்கள்: லைகோ ஆய்வகம். வெளியையே நீட்டிச் சுருக்கும் ஈர்ப்பலைகளைத் தேடி 2002 முதல் 2010 வரை ஓடி, ஒன்றையும் பிடிக்கவில்லை. ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும் என்பேன். அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை கைவிடவில்லை, கருவியை மேம்படுத்தப் பணம் கொடுத்தது. 2015 செப்டம்பர் 14 அன்று, புரோட்டானின் விட்டத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அசைவு அதில் பதிவானது: முதல் ஈர்ப்பலை.