இலவச சட்ட உதவி: கையெழுத்து வைக்க முதல் போங்கள்

இலங்கையின் சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த அரச நிறுவனம். மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதற்குக் கந்தோர் உண்டு. ஆலோசனை கேட்க யாரும் போகலாம், காசு இல்லை. வழக்குப் பேச சட்டத்தரணி வேண்டுமென்றால் உங்கள் வருமானத்தைப் பார்ப்பார்கள். அடையாள அட்டை, கிராம சேவகரின் வருமானச் சான்று, பிரச்சினை சம்பந்தமான கடிதங்கள் எல்லாவற்றையும் முதல் தடவையே கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

தாபரிப்பு (மனைவி, பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டிய செலவுப் பணம்), வீட்டு வன்முறைக்கு எதிரான பாதுகாப்புக் கட்டளை, விவாகரத்து, காணி என்று பல விஷயங்களுக்கு உதவுகிறார்கள். முஸ்லிம் பெண்களின் தாபரிப்பு காதி நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது. ஆனாலும் போக முதல் ஆலோசனை கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் பக்கத்தில் இந்த உதவி அதிகம் தேவைப்படுவது பெமிற் காணிக்குத்தான், அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணிக்குத்தான். கணவர் இறந்து துக்கம் ஆறுவதற்குள் சொந்தக்காரர் ஒருவர் ஒரு தாளை நீட்டி, "இதில ஒரு கையெழுத்து வையுங்கோ அக்கா, பிறகு எல்லாம் பாத்துக்கொள்ளலாம்" என்பார். வைக்காதீர்கள். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளராக, அதாவது அடுத்து காணியைப் பெறுபவராக, மனைவியின் பெயர் பதியப்படாமல் இருந்தாலும் கணவருக்குப் பிறகு அந்தக் காணியில் இருக்கும் உரிமை அவருக்கு உண்டு. பிரதேச செயலாளரின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் பெமிற் காணியை விற்றால் அது செல்லாது. பின்னுரித்தாளர் யாரையும் பதியாத காணி மனைவிக்குப் பிறகு பிள்ளைகளுக்குப் போகும்போது, முன்பு ஆண் பிள்ளைகளுக்கே முதலிடம். 2022இல் வந்த திருத்தம் அதை மாற்றிவிட்டது, இப்போது மகளானாலும் மூத்த பிள்ளைக்கே முன்னுரிமை. இது தெரியாமல் ஒதுங்கிப்போன மகள்மார் எத்தனை பேர்!

2030க்குள் எட்ட வேண்டிய நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் 16ஆவது, எல்லோருக்கும் நீதி சமமாகக் கிடைக்க வேண்டும் என்கிறது. பெண்களுக்குக் காணி உரிமை வேண்டும் என்பது 5ஆவது இலக்கில் வருகிறது. இரண்டும் சேருமிடம் இந்தப் பெமிற்தான். காணி கையில் இருந்தால் ஒரு தாய் கச்சானோ சோளமோ போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைப்பாள். அது போனால் வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது.

வாகரை, பொத்துவில் போன்ற தூர இடங்களில் இருப்பவர்கள், பிரதேச செயலகத்தில் நடமாடும் சட்ட உதவிச் சேவை ஏதும் வைக்கிறார்களா என்று கிராம சேவகரிடம் கேளுங்கள். போகும்போது பெமிற்றின் போட்டோ பிரதியைக் கொடுங்கள், மூலப் பிரதி உங்கள் கையிலேயே இருக்கட்டும்.