நப்பின்னை: பெயரும் பொருளும்

போன மாதம் உறவுக்காரப் பெண் ஒருத்தி போன் செய்தாள். பெண் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. "நப்பின்னைன்னு வைக்கணும்னு ஆசையா இருக்கு அத்தை. ஆனா பின்னைன்னா பிறகுன்னு அர்த்தமாம், பின்தங்கிப் போற பேரு வேண்டாம்னு எங்க மாமியார் சொல்றாங்க. நெஜமா?" என்றாள். அவளிடம் போனில் சொன்னதையும், குழந்தை அழுததால் சொல்ல முடியாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நப்பின்னை தமிழ் மரபில் கண்ணனின் காதலி, அவள் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் பெயரைப் பிரித்துப் பார்க்கலாம். ந + பின்னை. முன்னால் நிற்கும் 'ந' நன்மையையும் சிறப்பையும் குறிக்கும் ஒட்டு. இது சேரும்போது அடுத்து வரும் வல்லெழுத்து இரட்டிக்கும். கீரன் நக்கீரன் ஆனதும், செள்ளை நச்செள்ளை ஆனதும், பசலை நப்பசலை ஆனதும் இப்படித்தான். பதிற்றுப்பத்தின் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார் இருவரும் சங்கப் பெண்பாற் புலவர்கள். ஆக, இந்த ஒட்டு பழந்தமிழ்ப் பெயர்களுக்கே உரியது. இன்று இதைச் சேர்த்துப் புதிதாகப் பெயர் உருவாக்குபவர்கள் அரிது. 'நற்பின்னை' என்றோ 'நப்பிண்ணை' என்றோ எழுதுவது பிழை.

மாமியார் கேட்ட கேள்வி அடுத்த பாதியைப் பற்றியது. 'பின்னை' என்றால் பிறகு என்று பொருள் உண்டுதான், மறுக்கவில்லை. ஆனால் உறவுமுறையில் 'பின்' என்றால் பின்னால் பிறந்தவர், இளையவர். பழந்தமிழில் 'தம்முன்' என்றால் அண்ணன். அந்த வழியில் 'பின்னை' இளையவள் ஆகிறாள். தங்கை, திருமகள் என்ற பொருள்களும் அகராதிகளில் உண்டு. மூதேவி மூத்தவள், அவளுக்குப் பின் வந்தவள் திருமகள் என்ற கணக்கு அது. ஆகவே நப்பின்னை என்றால் 'சிறந்த இளையவள்'. பின்தங்குவது என்ற பேச்சே இதில் கிடையாது.

இந்தப் பொருளுக்கு நான் பெரிதும் நம்பும் சான்று சிலப்பதிகாரத்தின் ஆய்ச்சியர் குரவையில் இருக்கிறது. மதுரைக்கு வெளியே இடைச்சேரியில் குடத்துப் பால் உறையவில்லை, காளைகளின் கண்ணில் நீர் வடிகிறது. ஏதோ கேடு வரப்போகிறது என்று அஞ்சிய இடைக்குலப் பெண் மாதரி, கண்ணன் ஆடிய குரவைக் கூத்தை ஆடலாம் என்கிறாள். ஏழு பெண்கள் வட்டமாக நிற்கிறார்கள். ஏழு சுரங்களின் பெயர் அவர்களுக்கு. குரல் என்பவள் மாயவனான கண்ணன், இளி என்பவள் அவன் அண்ணன் பலதேவன், துத்தம் என்பவள் பின்னை. அப்புறம் பாட்டில் இந்த வரி வருகிறது:

"மாயவன்தன் முன்னினொடும் வரிவளைக்கைப் பின்னையொடும்"

கவனித்துப் பாருங்கள். முன் என்று அண்ணன், பின் என்று இவள், நடுவில் மாயவன். இளங்கோவடிகள் இரண்டு சொற்களையும் ஒரே அடியில் எதிரெதிரே நிறுத்துகிறார். 'பின்னை' என்பதை இளையவள் என்று கொண்டால்தான் அந்த அடி முழுதாக விளங்குகிறது.

வேறு ஒரு விளக்கமும் உண்டு. பின்னு, பின்னல் என்ற சொற்களோடு சேர்த்து, அழகாகப் பின்னிய கூந்தல் உடையவள் என்பார்கள். திருக்குறளைப் புகழும் திருவள்ளுவமாலையில் 'உபகேசி தோள்மணந்தான்' என்று கண்ணனைச் சொல்லும் இடத்தில், உபகேசி என்பது நப்பின்னையே என்று பொருள் சொல்வதுண்டு. 'கேசி' கூந்தலைத் தொட்ட சொல்லாயிற்றே. ஆண்டாளும் திருப்பாவையில் ஒரு பாட்டில் 'கந்தம் கமழும் குழலி' என்கிறாள், அடுத்த பாட்டிலேயே 'கொத்தலர் பூங்குழல் நப்பின்னை' என்கிறாள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்ப் பாட்டில் எந்தப் பெண்ணின் கூந்தல்தான் பாடப்படவில்லை? 'முன்'னிலிருந்து முன்னை வந்தது போல, 'பின்'னிலிருந்து பின்னை வருவதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது.

சரி, இந்த நப்பின்னை யார்? தமிழ் மரபில் கண்ணனின் காதலி, மனைவி. ஆழ்வார் பாசுரங்களில் ராதை இல்லை, அந்த இடத்தில் இருப்பவள் இவள்தான். ஏழு காளைகளை அடக்கி இவளை மணந்தான் என்பது கதை. "கொல்லேற்றுக் கோடு அஞ்சுவானை மறுமையும் புல்லாளே ஆய மகள்" என்று கலித்தொகை சொல்லும் முல்லை நிலத்து வழக்கம் அப்படியே கண்ணனுக்கும் பொருந்துகிறது. பாகவதத்திலும் ஏழு காளைகள் உண்டு, ஆனால் அங்கே மணமகள் கோசல நாட்டு அரசன் மகள் சத்தியை. நம்முடையவள் அரண்மனைப் பெண் அல்ல, ஆயர்குடிப் பெண். யசோதையின் உடன்பிறந்தான் மகள் என்பது வைணவ மரபு. அதாவது கண்ணனுக்கு மாமன் மகள், முறைப்பெண். திருப்பாவை 18ஆம் பாட்டில் 'உன் மைத்துனன் பேர் பாட' என்று தோழியர் அவளிடம் சொல்வது இந்த உறவை வைத்துத்தான்.

வடமொழியில் இவளை நீளாதேவி என்பார்கள். ஸ்ரீதேவி, பூதேவியோடு மூன்றாவதாக வைத்து எண்ணப்படுபவள். திருப்பாவைக்குப் பராசர பட்டர் செய்த தனியன், அதாவது முன்னால் சொல்லும் துதிப் பாட்டு, 'நீளா' என்ற சொல்லிலேயே தொடங்குகிறது. அதனால் நப்பின்னை என்பது நீளாவின் தமிழாக்கம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பட்டர் வாழ்ந்தது இராமானுசருக்கு அடுத்த தலைமுறையில். பின்னை அதற்குப் பல நூற்றாண்டு முன்பே மதுரை இடைச்சேரியில் குரவையாடிவிட்டாள். 'நீளா' என்ற பெயருக்குத் தமிழ் தேடுபவர்கள் புதிதாக எதையும் உருவாக்க வேண்டாம், நப்பின்னை என்று எழுதினால் போதும்.

எனக்கு இவள் மேல் பிரியம் வந்தது பெரியாழ்வாரால். புழுதி அளைந்துவிட்டு வந்து குளிக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற குழந்தைக் கண்ணனிடம் யசோதை சொல்கிறாள்: "நாண் எத்தனையும் இலாதாய், நப்பின்னை காணில் சிரிக்கும்". உனக்குக் கொஞ்சம்கூட வெட்கமே இல்லையே, நப்பின்னை பார்த்தால் சிரிப்பாள்! மாமன் மகளைச் சொல்லிப் பையனைக் குளிக்க வைப்பது நம் வீடுகளில் இன்றும் நடக்கிறதே.

ஆண்டாள் 18, 19, 20 என்று தொடர்ந்து மூன்று பாட்டுகளில் இவள் பெயரைச் சொல்கிறாள். இதில் 18ஆம் பாட்டான 'உந்து மதகளிற்றன்' பற்றி வைணவர்கள் ஒரு கதை சொல்வார்கள். இராமானுசர் திருவரங்கத்து வீதியில் பிட்சைக்குப் போகும்போது திருப்பாவையை முணுமுணுத்தபடியே செல்வாராம். "செந்தாமரைக் கையால் சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்" என்ற இடத்தில் ஆசிரியர் பெரிய நம்பியின் வீட்டு வாசலை அடைந்தார். உள்ளேயிருந்து வளை குலுங்க வந்து கதவைத் திறந்தாள் நம்பியின் மகள் அத்துழாய். நப்பின்னையே வந்துவிட்டாள் என்று இராமானுசர் மெய்ம்மறந்து விழுந்துவிட்டாராம். பயந்துபோன பெண் உள்ளே ஓடிச் சொல்ல, 'உந்து மதகளிற்றன் பாடிக்கொண்டு வந்திருப்பார்' என்றாராம் அப்பா. அத்துழாயும் அழகான பெயர், துளசிக்கான தமிழ்ச் சொல் துழாய் அதில் இருக்கிறது. அதையும் இன்று வைப்பவர்கள் அரிது.

நப்பின்னை இன்று அரிய பெயர்தான், ஆனால் வழக்கொழிந்த பெயர் அல்ல. உச்ச நீதிமன்றத்தில் இணையக் குற்றச் சட்டத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர் என்.எஸ்.நப்பின்னையை நாளிதழ் படிக்கும் பலர் அறிவார்கள். மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் ஆண்டுதோறும் கேட்கும் பெயர் வகுப்பறை வருகைப் பதிவேட்டில் இல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. ஒலி கொஞ்சம் வல்லினமாக இருக்கிறது, கூப்பிடக் கடினம் என்பார்கள். கூப்பிடும் வடிவத்தை ஆண்டாளே கொடுத்திருக்கிறாள். அன்னை 'அன்னாய்' ஆவது போல, கோதை 'கோதாய்' ஆவது போல, நப்பின்னை விளியில் 'நப்பின்னாய்' ஆகும். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், கடைசி அசையில் நீட்டம் தானாக வரும்.

இதைச் சொல்லி முடித்தபோது போனின் மறுமுனையில் அவள் மாமியாரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். "அந்த மைத்துனன் பாட்டை இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னேன். 'பந்தார் விரலி' என்று வருகிறதே, அது என்ன என்று கேட்டார். கண்ணனோடு பந்தாடி ஜெயித்துவிட்டு, பந்தை விரல்களுக்குள் பிடித்தபடியே தூங்கிப் போனவள் என்று உரையில் படித்ததைச் சொன்னேன். "இவளும் விரலை மூடிக்கிட்டுத்தான் தூங்கறா" என்றார் அவர்.