‘நல்லாத்தான் படிக்கிறான் மிஸ், மார்க்குதான் வரலை’

அரையாண்டுத் தேர்வு மதிப்பெண் அட்டையோடு, பத்தாம் வகுப்பு படிக்கும் மகனை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் பெரம்பூரிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். “நல்லாத்தான் படிக்கிறான் மிஸ், மார்க்குதான் வரலை. கிராமர் வீக்குன்னு சொன்னாங்க, ரெண்டு வருஷமா டியூஷனும் அனுப்புறேன்” என்றார். 20 ஆண்டுகளாக ஆங்கில ஆசிரியராக இருக்கிறேன்; சில ஆண்டுகளாக உயர்நிலை, மேல்நிலை மாணவர்களின் கேட்டல், படித்தல் திறன்களைச் சோதித்துப் பெற்றோருக்கும் பள்ளிக்கும் குறிப்பு எழுதித் தருகிறேன். இந்தப் பேச்சு எனக்குப் புதிதன்று. ஆனால் அன்று அந்தப் பையனைச் சோதித்து முடித்தபோது, வாய்விட்டுப் படிப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பதை ஒவ்வொரு பெற்றோரிடமும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருந்தால் போதாது, எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவனிடம் ஏறத்தாழ 120 சொற்கள் கொண்ட ஓர் ஆங்கிலப் பத்தியைக் கொடுத்தேன். காசிமேட்டு மீனவர் ஒருவரைப் பற்றி நானே எழுதி வைத்திருப்பது அது. பாடப்புத்தகத்தில் இல்லாததால் மனப்பாடம் அங்கே உதவாது. எங்கும் திக்காமல், நிறுத்தற்குறிகளில் நின்று, அழகாக வாய்விட்டுப் படித்தான். அம்மாவின் முகம் மலர்ந்தது. பிறகு பத்தியைப் பார்த்தே விடை எழுதும்படி ஐந்து கேள்விகள் கொடுத்தேன். நான்குக்குச் சரியாக எழுதினான். அதன்பின் தாளை வாங்கித் திருப்பி வைத்துவிட்டு, “தம்பி, இதுல என்ன நடந்துச்சு? தமிழ்லயே சொல்லு” என்றேன். நெடுநேரம் யோசித்துவிட்டு, “கடல்… படகு… புயல் வந்துச்சு. எல்லாரும் கரைக்கு வந்துட்டாங்க மிஸ்” என்றான். பத்தியில் இருப்பதோ அதற்கு நேர்மாறு: துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றப்பட்டிருந்தும் அந்த மீனவர் கரை திரும்ப மறுக்கிறார். அந்த ‘இருந்தும்’ என்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ என்ற சொல்லைப் போட்டிருந்தேன். அதை அவன் பிழையின்றி உச்சரித்திருந்தான். அதற்கு என்ன பொருள் என்று கேட்டபோது, “அது சும்மா முன்னாடி வரும் மிஸ்” என்றான்.

அதே கதையை நான் ஆங்கிலத்தில் நிறுத்தி நிதானமாகச் சொல்லிப் பார்த்தேன், அப்போதும் பிடிபடவில்லை. தமிழில் சொன்னேன், வலைக்கு வாங்கிய கடன் இருக்கும்போது வெறுங்கையோடு எப்படித் திரும்புவார் என்று, பத்தியில் குறிப்பாக மட்டுமே இருந்ததைக்கூட அவனே எடுத்துச் சொன்னான். ஆகவே, அறிவில் குறையில்லை, எழுத்தைச் சொல்லாக்குவதிலும் குறையில்லை. ஆங்கிலச் சொற்களும் வாக்கியங்களும் அவனுக்கு ஒலியாக இருக்கின்றன, பொருளாக இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை இரண்டு ஆண்டுகளாக டியூஷனில் உட்கார்ந்து, செய்வினை வாக்கியங்களைச் செயப்பாட்டு வினையாக மாற்றிக்கொண்டிருந்திருக்கிறான்.

நம் மொழியில் ‘படிக்கிறான்’ என்ற ஒரு சொல்லே எல்லாவற்றுக்கும் போதுமானதாக இருக்கிறது. பள்ளிக்குப் போவதும் படிப்பது, மனப்பாடம் செய்வதும் படிப்பது, வாய்விட்டுச் சொல்வதும் படிப்பது, கண்ணால் ஓட்டிப் பொருள் கொள்வதும் படிப்பது. பேச்சுவழக்கில் இதனால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் சோதிக்க உட்காரும் ஆசிரியருக்கும் மகனைப் பற்றி முடிவெடுக்கும் பெற்றோருக்கும் இவை வெவ்வேறு செயல்கள் என்பது தெரிந்தே ஆக வேண்டும். சரளமாக வாய்விட்டுப் படித்தால் புரிந்துவிட்டது என்று பொருளல்ல. கேள்விக்குச் சரியான விடை எழுதிவிட்டாலும் புரிந்துவிட்டது என்று பொருளல்ல. இரண்டாவதைச் சொன்னால் ஆசிரியர்களே என்னோடு வாதாடுகிறார்கள்; ஆகவே ஒரு வாக்கியத்தை எழுதுகிறேன், படித்துப் பாருங்கள்: “மழை ஓய்ந்ததும் டொம்மல் தன் வெங்குரியைச் சிமிளிக்குள் பொதித்தது.” இப்போது கேள்விகள். டொம்மல் எதைப் பொதித்தது? வெங்குரியை. எங்கே பொதித்தது? சிமிளிக்குள். எப்போது? மழை ஓய்ந்ததும். மூன்றுக்கு மூன்று மதிப்பெண். டொம்மல் என்பது விலங்கா, இயந்திரமா, வெங்குரி தின்னும் பொருளா, உடுத்தும் பொருளா என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இவை நான் இட்டுக்கட்டிய சொற்கள். நம் பிள்ளைகள் ஆங்கிலத் தாளில் ஆண்டுக்கணக்காக எழுதிவருவது இத்தகைய விடைகளைத்தான். கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடுகிறார்கள், அது இருக்கும் வரியை அப்படியே பெயர்த்து எழுதுகிறார்கள், நாமும் சரி என்று குறியிட்டுவிடுகிறோம்.

மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பொதுத்தேர்வு 100 மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வாக மட்டுமே நடக்கிறது. தேர்ச்சிக்கு 35 வேண்டும். மெமரி போயம், மனப்பாடம் செய்த பத்திவினாக்கள், கடிதம், பெயர்த்தெழுதிய விடைகள் என்று சேர்த்தால், ஒரு பத்தியைக்கூடத் தானாகப் புரிந்துகொள்ளாத பிள்ளையும் அந்த 35ஐத் தாண்டிவிட முடியும். பெயர்த்தெழுத இடம் தராமல் ஊகித்தும் எடைபோட்டும் விடைசொல்லச் செய்யும் ‘பைசா’ (PISA) என்ற பன்னாட்டுத் தேர்வில், 15 வயது மாணவர்களைக் கொண்டு தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009ஆம் ஆண்டுச் சுற்றில் பங்கேற்றன. பட்டியலின் அடிப்பகுதியில்தான் இரண்டுக்கும் இடம் கிடைத்தது. அது ஆங்கிலத் திறனை அளக்கும் தேர்வன்று. இருந்தாலும், பொதுத்தேர்வு மதிப்பெண்ணைப் படித்தல் திறனாக எண்ணிக்கொள்வது எவ்வளவு தவறு என்பதை அது அப்போதே காட்டிவிட்டது.

கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய கருத்தை முன்வைத்தார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் மொழியைக் கேட்டுப் பொருள்கொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதே படித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் அன்று, பெருக்கல். இரண்டில் ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். ஆகையால்தான் கேட்டலையும் படித்தலையும் சேர்த்தே, ஆனால் தனித்தனியாகச் சோதிக்கிறேன். பெரம்பூர்ப் பையனுக்குப் பூஜ்யத்துக்கு அருகில் இருந்தது இரண்டாவது எண். அதற்கு முந்தைய வாரம் வில்லிவாக்கத்திலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்கு நிலைமை தலைகீழ். அவள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து, எழுத்துகளை இடம் மாற்றி, இரண்டாவது வரியிலேயே வியர்த்துவிட்டாள். “ஒண்ணுமே தெரியாது” என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதே பத்தியை நான் படித்துக்காட்டக் கேட்டதும், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாக எல்லாவற்றுக்கும் விடை சொன்னாள். அவளை நான் ஆங்கில வகுப்புக்கு அனுப்பவில்லை. கற்றல் குறைபாட்டுக்கான முறையான மதிப்பீட்டுக்கு அனுப்பினேன். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ என்ற வகையும் இடம்பெற்றிருக்கிறது. உரிய சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும், விடையைச் சொல்லச்சொல்ல எழுதும் உதவியாளரும் கிடைப்பார்கள். பத்தாம் வகுப்பின் கடைசி மாதத்தில் ஓடிவந்து இதைக் கேட்காதீர்கள். ஒன்பதிலேயே ஐயம் வந்தால் ஒன்பதிலேயே பாருங்கள். மதிப்பீடு, சான்று, தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பம் எல்லாவற்றுக்கும் நாள் பிடிக்கும்.

கேட்டல் தேர்வைப் பற்றிச் சொல்லத்தான் எனக்கு மனம் வலிக்கிறது. 2012-13இல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம், பதினோராம் வகுப்புகளுக்குப் பேசுதல், கேட்டல் மதிப்பீட்டைக் கொண்டுவந்தது. இன்றும் மேல்நிலை வகுப்பு ஆங்கிலத்தில் அதற்கு அகமதிப்பீட்டு மதிப்பெண் உண்டு. மாநிலப் பாடநூல்களிலும் கேட்டல் பயிற்சிகள் இருக்கின்றன. நடப்பதோ வேறு. ஒரு பள்ளியில் நான் பார்த்த பதிவேட்டில் வகுப்பு முழுவதற்கும் கேட்டல் கட்டத்தில் ஒரே மதிப்பெண் இருந்தது. இன்னொரு பள்ளியில் தேர்வு உண்மையாகவே நடந்தது; ஆனால் பத்தியை அச்சடித்துப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு ஆசிரியர் உரக்கப் படித்தார். தயவுசெய்து கேளுங்கள்: தாள் கையில் இருந்தால் அது கேட்டல் தேர்வு அன்று. நான்கு முறை படித்து, நடுவில் தமிழில் விளக்கமும் சொன்னால் அதுவும் கேட்டல் தேர்வு அன்று. இப்படியே பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்த பிள்ளை, வெளிநாட்டு மேற்படிப்புக்காக ஐ.இ.எல்.டி.எஸ். எழுத உட்காரும்போதுதான், ஒலிப்பதிவு ஒரே ஒரு முறை ஓடும், அதற்குள் 40 கேள்விகளுக்கு விடை காண வேண்டும் என்ற உண்மையான கேட்டல் தேர்வை வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்திக்கிறது.

எழுத்தில் தெரிந்த சொல்லே காதில் விழும்போது அடையாளம் தெரியாமல் போகும். ‘பிஃப்டீன்’, ‘பிஃப்டி’ இரண்டையும் தாளில் எந்தப் பிள்ளையும் குழப்பிக்கொள்ளாது. ஒலிப்பதிவில் அழுத்தம் எந்த அசையில் விழுகிறது என்பதைக் கவனிக்கப் பழகாத பிள்ளை, ரயில் புறப்படும் நேரத்தையே தவறாக எழுதும். தமிழில் எல்லா அசைகளையும் நாம் ஏறக்குறைய ஒரே சீராகச் சொல்லிப் பழகியவர்கள். ஆங்கிலத்திலோ சில அசைகள் ஓங்கி ஒலிக்க, மற்றவை விழுங்கப்படும். இதற்குப் பயிற்சி வேண்டும், பயிற்சி வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது. மெட்ரோ ரயிலில் தமிழில் அறிவிப்பு வந்ததும் பிள்ளையின் காது மூடிக்கொள்கிறது. அடுத்து ஆங்கிலத்தில் வருவதையும் முழுதாகக் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஆகாசவாணியின் ஆங்கிலச் செய்தியில் ஒரு செய்தியை மட்டும் கேட்டு, அதைத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். திரையில் எழுத்து ஓடும் ஆங்கிலப் படங்களைப் பார்த்தால் கேட்டல் வளரும் என்று நம்பிப் பல மணி நேரம் விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் அங்கே கேட்பதில்லை, எழுத்தைத்தான் பின்தொடர்கிறார்கள்.

சோதிக்கும் அறையும் நியாயமாக இருக்க வேண்டும். ஆற்காடு சாலையில் மெட்ரோ வேலை நடக்கும் பக்கத்துச் சன்னல்களைத் திறந்து வைத்து, நான்கு மின்விசிறிகள் சுழல, ஆசிரியரின் கைபேசியை மேசைமேல் வைத்து ஒலிப்பதிவை ஓடவிட்டால், கடைசி வரிசைப் பிள்ளைக்கு நாம் ஆங்கிலத் தேர்வு வைக்கவில்லை, காதுத் தேர்வு வைக்கிறோம். பல்லாவரம், மீனம்பாக்கம் பக்கத்துப் பள்ளிகளில் விமானம் கடக்கும்போது பதிவை நிறுத்தித் திரும்ப ஓடவிடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒலிபெருக்கியை வகுப்பின் நடுவே வையுங்கள். ஹைடெக் ஆய்வகத்தில் ஹெட்ஃபோன்கள் இருந்தால் அவற்றைப் பயன்படுத்துங்கள். பதிவு தொடங்குமுன் கேள்விகளைப் படிக்க ஒரு நிமிடமாவது கொடுங்கள். பள்ளி அளவில் இருமுறை ஓடவிடுவது போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தும், படித்தால் புரிகிற பிள்ளைக்குக் கேட்டால் புரியவில்லை என்றால், முதலில் காதைச் சோதியுங்கள். பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தியை “கவனமில்லாதவள்” என்று மூன்று ஆண்டுகளாகத் திட்டியிருக்கிறார்கள். கேள்திறன் சோதனையில் உயர்ந்த சுருதி ஒலிகள் இரு காதிலும் குறைவாகவே கேட்பது தெரிந்தது. அவளுக்குத் தமிழில் சிரமம் இல்லை, ஏனெனில் தெரிந்த மொழியில் விடுபட்ட ஒலிகளை மனமே நிரப்பிக்கொள்ளும். அரைகுறையாகத் தெரிந்த மொழியில் அப்படி நிரப்ப முடியாது. பன்மையைக் காட்டும் ‘ஸ்’ போன்ற மெல்லிய ஒலிகள் முதலில் தொலையும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவிலேயே இந்தச் சோதனையைச் செய்துகொள்ளலாம்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பத்தியைக் காட்டாமல் கேள்விகளை மட்டும் சக ஆசிரியரிடம் கொடுங்கள். அவரால் விடை சொல்ல முடிகிற கேள்விகளை அடித்துவிடுங்கள், அவை பொது அறிவைச் சோதிப்பவை. பத்தியில் உள்ள சொல்லையே கேள்வியில் போடாதீர்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 20 கேள்விகளில் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் சராசரியாக ஐந்து கிடைக்கும். ஆகவே ஐந்து வாங்கிய பிள்ளைக்கு ‘கொஞ்சம் தெரிகிறது’ என்று எழுதாதீர்கள். புரிதலைச் சோதிக்கும்போது விடையைத் தமிழில் சொல்ல அனுமதியுங்கள். “ஆங்கிலத் தேர்வில் தமிழா?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. கேட்டலைச் சோதிக்க உட்கார்ந்துவிட்டு எழுதத் தெரியாததற்காக மதிப்பெண்ணைக் குறைத்தால், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

பெற்றோர் வீட்டில் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. பிள்ளை இதுவரை பார்த்திராத ஆங்கிலப் பத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மனத்துக்குள் படிக்கச் சொல்லுங்கள், தாளை வாங்கிக்கொள்ளுங்கள், தமிழில் கதையைக் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் கதை கோவையாக இருக்கிறதா, சொல் சொல்லாக உதிர்கிறதா என்பது தெரிந்துவிடும். மறுநாள் வேறொரு பத்தியை வேறொருவர் படித்துக்காட்ட, தாளைப் பார்க்காமல் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் திட்டாதீர்கள், அன்று அவன் தேர்வு எழுதவில்லை. இரண்டிலும் என்ன நடந்தது என்பதை ஒரு தாளில் எழுதி, டியூஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதை ஆங்கில ஆசிரியரிடம் காட்டுங்கள். ஜூன் மாதத்தில் காட்டினால் எங்களுக்கு ஓர் ஆண்டு கிடைக்கும். ஜனவரியில் மதிப்பெண் அட்டையோடு வந்தால் எட்டு வாரம்கூடக் கிடைக்காது.